நந்தவனத் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் வைகாசியில் தொடங்கிய நந்தவனத் திருப்பணி, இந்தப் பங்குனி உத்திரத்தோடு நிறைவடைந்தது. அன்று காலை சுவாமிக்குச் சாத்திய வில்வமும் நந்தியாவட்டையும் நம் தோட்டத்தில் பறித்தவை. இத்தனை காலம் கோயம்பேட்டிலிருந்து வரும் பூவை நம்பித்தான் பூஜை நடந்தது. மார்கழிப் பனியில் மல்லிகை வரத்து குறைந்து விலை ஏறும்போது சுவாமியின் மாலையும் மெலிந்துவிடும். அதைப் பார்த்து மனம் நொந்த சிலர் பேசத் தொடங்கியதுதான் இந்தத் திருப்பணி.

இடம் பெரியதல்ல, ஒன்றரை கிரவுண்டு. மேற்கு மாம்பலத்தில் அதுவே பெரிய சொத்து. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் பழைய செண்பகம் வேரோடு சாய்ந்தது. அதன் பிறகு அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. கட்டட வேலைகளில் மிஞ்சிய செங்கல்லும் கான்கிரீட் துண்டுகளும் அங்கேயே குவிந்தன. 2019 கோடையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்ததே, அந்த வருடம் நம் கிணறும் வற்றி, மிச்சமிருந்த அரளியும் காய்ந்தது.

இடிபாடுகளை அள்ளி, செம்மண் நிரப்பி, நாற்று வைத்தால் போதும் என்று குழு முதலில் நினைத்தது. அது தவறு. முதல் ஐப்பசி மழையிலேயே தண்ணீர் தேங்கி, வைத்த நாற்றில் பாதிக்கு மேல் வேர் அழுகிப் போயிற்று. நம் பகுதி களிமண் பூமி. ரயில்பாதைக்குக் கிழக்கே தியாகராய நகரே 1920களில் ஏரியைத் தூர்த்து எழுந்த ஊர்தான். தண்ணீருக்கு வழி செய்யாமல் இங்கே செடி வைக்கக் கூடாது என்று அடிபட்டுத்தான் தெரிந்துகொண்டோம். அப்புறம் மணலும் மட்கிய எருவும் கலந்து மேட்டுப்பாத்தி போட்டோம். பாத்திகளுக்கு நடுவே வாய்க்கால் வெட்டி, மண்டபக் கூரையின் மழைநீரையும் சேர்த்து, கூழாங்கல்லும் மணலும் போட்ட வடிகட்டித் தொட்டி வழியாகக் கிணற்றுக்குள் விட்டோம். சென்ற மழையில் எந்தப் பாத்தியிலும் தண்ணீர் ஒரு நாளைக்கு மேல் நிற்கவில்லை.

வில்வ மரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முன்பு ஒரு சமயம் பக்தர்கள் கால் சுடாமல் வலம் வர வேண்டுமென்று மரத்தடி வரை சிமெண்ட் தளம் போட்டிருந்தார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் வேருக்குக் காற்றும் இல்லை, மழையும் இல்லை. மரம் நுனியிலிருந்து பட்டுக்கொண்டே வந்தது. தளத்தை உடைக்கலாமா என்று கூட்டத்தில் நீண்ட விவாதம் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கடைசியில் மரத்தைச் சுற்றிப் பத்தடி அகலத்துக்குத் தளத்தைப் பெயர்த்து, பிரதட்சிணப் பாதையைத் தள்ளிப் போட்டோம். உடைத்த ஏழாம் மாதம் பழைய கிளைகளில் தளிர் வந்தது. இந்தத் திருப்பணியில் எங்களுக்கு மிகப் பெரிய நிறைவு அதுதான்.

அபிஷேகத் தண்ணீரை நேராகச் செடிக்கு விட்டபோது பாலும் எண்ணெயும் புளித்து நாற்றமெடுத்தது. இப்போது கல்வாழை நட்ட மணற்படுகை வழியாக அது கடந்து வருகிறது. நாற்றம் போய்விட்டது.

திருப்புகலூரில் முருக நாயனார் கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ என நால்வகைப் பூவும் தொடுத்துச் சாத்தியதை மனத்தில் வைத்தே செடிகளைத் தேர்ந்தோம். மகிழமும் செண்பகமும் இன்னும் கன்றுகள்தான். முல்லை பந்தலேறிவிட்டது. அரளியும் நந்தியாவட்டையும் தினமும் பூக்கின்றன. பிள்ளையாருக்கு அருகம்புல் வெளியில் வாங்குவதே இல்லை. கல்தொட்டியில் வைத்த தாமரை மட்டும் இலையோடு நிற்கிறது. அங்கே வெயில் போதவில்லை. தொட்டியை இடம் மாற்ற வேண்டும்.

வேலை செய்தவர்களைப் பற்றி. பழைய நந்தவனத்தைப் பார்த்துவந்து இறந்துபோன பண்டாரத் தாத்தாவின் பேரன் ஆட்டோ ஓட்டுகிறார். விடியற்காலை முதல் சவாரிக்கு முன் ஒரு மணி நேரம் வந்து தண்ணீர் பாய்ச்சினார். இந்த இரண்டு வருடத்தில் அவர் வராத நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வாசலில் பூக்கட்டும் அக்காவுக்கு நம் தோட்டத்தால் வியாபாரம் குறையுமோ என்று தயங்கினோம். அவரே வந்து முல்லையைக் கவாத்து செய்யக் கற்றுக்கொடுத்தார். அடுத்த தெரு மாமிகள் நால்வர் வியாழன்தோறும் உட்கார்ந்து, சுவாமிக்குச் சாத்திக் களைந்த நிர்மால்ய மாலைகளிலிருந்து பிளாஸ்டிக் நூலையும் ஜரிகையையும் பிரித்தெடுத்தார்கள். அதைச் செய்யாமல் அந்தப் பூ உரமாகாது. உபயதாரர்கள் தயவுசெய்து வாழைநாரில் கட்டிய மாலையையே கொண்டுவர வேண்டுகிறோம்.

சோழர் காலத்தில் நந்தவனத்துக்கென்று நிலம் விட்டார்கள்; அதற்குத் திருநந்தவனப்புறம் என்று பெயர். தோட்டம் வைத்ததோடு அவர்கள் நிறுத்தவில்லை, அதைப் பார்த்துக்கொள்பவரின் சாப்பாட்டுக்கும் வழி செய்து கல்லில் வெட்டி வைத்தார்கள். நம் பழைய நந்தவனம் புயலால் மட்டும் அழியவில்லை. தாத்தாவுக்குப் பிறகு அந்த வேலைக்குச் சம்பளம் என்று யாரும் ஒதுக்காததால் அழிந்தது. ஆகவே மிச்சத் தொகையில் கல்வெட்டும் அலங்கார விளக்கும் வைக்கலாம் என்ற யோசனையைக் குழு ஏற்கவில்லை. முழுவதையும் வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டிருக்கிறோம். வட்டி, தோட்டக்காரர் சம்பளத்துக்கு மட்டும். நன்கொடையாளர் பெயர்ப் பலகை எதிர்பார்த்தவர்கள் எங்களைப் பொறுத்தருள வேண்டும். பெயர்கள் அனைத்தும் நன்கொடைப் பதிவேட்டில் உள்ளன.

சம்பளத்தை முதலில் பேரனிடமே பேசினோம். "தாத்தா செஞ்ச வேலைக்குக் காசு வாங்க மாட்டேன்" என்றார். இது உங்களுக்கல்ல, உங்களுக்குப் பின் வரப்போகிறவருக்கும் சேர்த்து வைக்கும் ஏற்பாடு என்று சொன்ன பிறகுதான் சரி என்றார். சித்திரை முதல் தேதியிலிருந்து சம்பளம் நடைமுறைக்கு வருகிறது. வட்டி முக்கால் பங்குக்குத்தான் வரும். மீதிக்கு மாதச் சந்தா தர விரும்புகிறவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.

தணிக்கை முடிந்த வரவு செலவுக் கணக்கு, ரசீதுகளோடு அலுவலகத்தில் இருக்கிறது. மாலை 6 மணிக்கு மேல் யாரும் பார்க்கலாம்.

கோடை முழுக்க மாலையில் ஒருமுறை கூடுதலாகத் தண்ணீர் விட வேண்டும். திங்கள், புதன், சனிக்கு ஆள் இருக்கிறது. மற்ற நாட்களுக்கு இன்னும் நான்கு பேர் தேவை. வாளி கனமாக இருக்கும் என்று தயங்க வேண்டாம். கிணற்றடியிலிருந்து குழாய் போட்டாயிற்று.

நந்தவனத் திருப்பணிக் குழு