கல்லாவில் உட்கார்ந்திருப்பவரிடம் யாரும் கத்துவதில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. சமாதானமாக ஏதோ இரண்டு வார்த்தை சொன்னேன். அது போதாது என்று தோன்றியதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

"நான் என்னப்பா தப்பு பண்ணேன்?" என்று கேட்டாய். ஒன்றும் பண்ணவில்லை. நீ வேலை பார்க்கும் மருந்துக்கடையில், டாக்டர் சீட்டு இல்லாமல் அல்பிரசோலம் என்கிற பதற்றத்துக்கான மாத்திரையைக் கேட்டவரிடம் தர முடியாது என்று சொன்னாய், அவ்வளவுதான். எச்1 என்கிற கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கும் மருந்தை விற்றால் எழுதிக் கொடுத்த டாக்டர் யார், யாருக்கு, எத்தனை மாத்திரை என்று தனிப் பதிவேட்டில் ஏற்றி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும், 2014 மார்ச்சிலிருந்து இதுதான் நடைமுறை என்று எனக்கே நீதானே சொல்லிக் கொடுத்தாய். நாளைக்கு டிரக் இன்ஸ்பெக்டர் வந்து பதிவேட்டைப் புரட்டினால் பதில் சொல்ல வேண்டியவள் நீ. கண்ணாடியைத் தட்டிக் கத்திவிட்டுப் போனவர் வந்து நிற்க மாட்டார்.

ஆனால் அவர் கத்திய வார்த்தை என் மனசை விட்டுப் போகவில்லை. "சம்பளத்துக்கு நிக்கிறவ, நீ எனக்கு சட்டம் சொல்றியா?" என்றாராம். ஏன் இப்படிப் பேசுகிறார்கள் என்ற உன் கேள்விக்கு அவரே பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சம்பளத்துக்கு நிற்பவரால் திருப்பிப் பேச முடியாது. பேசினால் வேலை போகும். இது நமக்கு எவ்வளவு நன்றாகத் தெரியுமோ அவ்வளவு நன்றாக அவருக்கும் தெரியும்.

நான் மதுரை விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் நின்ற காலத்தில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். தீபாவளிக்கு முந்தின வாரம். கடையில் கால் வைக்க இடமில்லை. என் பக்கத்தில் நின்றவர் என்னைவிட மூத்தவர், தலை முழுக்க நரைத்தவர். ஒரு ஆள் அரக்கு நிறம் கேட்டார். இவர் எடுத்துப் போட்டது மெரூன் மாதிரி இருந்ததாம். "கண்ணு அவிஞ்சு போச்சா? இதுக்குத்தான் உன்னை இங்க நிக்க வச்சிருக்கானா?" என்று அத்தனை பேர் முன்னால் சேலையைத் தூக்கி எறிந்தார். முந்தானை போய் அவர் முகத்தில் விழுந்தது. அவர் அதை எடுத்து, மடிப்பு கலையாமல் நீவி, அடுத்த கட்டைப் பிரித்தார். வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அதே ஆள் கல்லாவுக்குப் போனார். எங்கள் முதலாளி தலையை நிமிர்த்தாமல் பில்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். சேலையை எறிந்த அந்த ஆள் உடம்பை வளைத்து, "அண்ணே, பாத்து ஏதாச்சும் குறைச்சுப் போடுங்கண்ணே" என்று சிரித்தார்.

கோபம் வந்தால் அவருக்குத் தன்னையே தெரியாது என்று சிலரைப் பற்றிச் சொல்வார்கள். நான் அதை நம்பவில்லை. பத்திரப்பதிவு அலுவலகத்தில் காலையிலிருந்து மாலைவரை காத்திருந்தாலும் அவருக்குத் தன்னைத் தெரியும். போலீஸ் ஸ்டேஷனில் தெரியும். பாங்க் மேனேஜர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றும்போதும் தெரியும். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கும் உன்னிடம் வந்தால் மட்டும் தெரியாமல் போய்விடுமா?

நம் தெரு அண்ணாச்சி கடையை நினைத்துப் பார். பருப்பில் கல் இருந்தது, எண்ணெய் காறுகிறது என்று தினம் யாராவது சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள். ஆனால் யாரும் அவரை ஏய் என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கடை அவருடையது, பதில் சொல்லும் வாய் அவருடையது. மாசக் கடைசியில் கடன் நோட்டில் எழுத வேண்டுமென்றால் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும். யார் வீட்டுப் பிள்ளை எப்படிப் பேசியது என்று அவர் அந்தப் பிள்ளையின் அப்பாவிடமே சொல்லிவிடுவார். நீ வேலை செய்வது போன்ற கடைகளில் அந்தக் கட்டெல்லாம் கிடையாது. வருகிறவருக்கு உன்னைத் தெரியாது. இன்று போனால் திரும்ப உன் முகத்தைப் பார்க்கப் போவதும் இல்லை.

இன்னொன்றும் உண்டு, மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் கடையில் சேலை எடுக்க உட்கார்ந்ததும் சிலர் முதலில் கேட்பது "உனக்கு எந்த ஊரு? ஊருக்குள்ள எந்தத் தெரு?" என்றுதான். பாசத்தில் கேட்பவர்களும் உண்டு. ஆனால் பதில் வந்தபிறகு நீங்க என்பதா, நீ என்பதா, டா போடலாமா என்று கணக்குப் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சாதி பார்த்துப் பேசியவர்கள் அவர்கள். பெண் பிள்ளை நின்றால் அந்தக் கேள்விகூடத் தேவைப்படாது. உன் வயசுப் பெண் ஒரு ஆம்பளையிடம் "முடியாது சார்" என்று சொல்வதே சிலருக்குப் பொறுக்காது. நீ சொன்ன காரணம் சரியா தப்பா என்பது அவர்கள் காதுக்கே போவதில்லை.

சரி, கத்துகிற எல்லோரும் இந்த ரகமும் இல்லை.

பணம் போதாத கூச்சம் என்று ஒன்று இருக்கிறது. கல்யாணப் பட்டு எடுக்க ஒரு குடும்பமே வந்து பாயில் உட்காரும். பெண் கையை வைத்த சேலை பதினெட்டாயிரம். அப்பாவிடம் இருப்பது ஒன்பதாயிரம். சம்பந்தி வீட்டார் பக்கத்தில் இருக்கும்போது அவர் எப்படி அதைச் சொல்வார்? "இதெல்லாம் ஒரு பட்டா? ஜரிகையா இது? ஏமாத்துறீங்களா?" என்று என்மேல் பாய்வார். குரல் மட்டும்தான் பெரிசாக இருக்கும், கண் விலைச்சீட்டில் இருக்கும். அப்போது நான் பதிலே பேசாமல், "ஐயா, இதே கலர்ல இன்னொரு கட்டு வந்திருக்கு" என்று எட்டாயிரம், ஒன்பதாயிரம் ரகத்தை எடுத்துப் பரப்புவேன். சத்தம் அடங்கிவிடும். உன் கடையிலும் இதுதான் நடக்கும். மாசாமாசம் சுகருக்கும் பிரஷருக்கும் வாங்கும் ஆள், பில்லைப் பார்த்ததும் "போன மாசம் இவ்வளவு இல்லையே, என்ன கொள்ளையா?" என்பார். அவரிடம் விலையைப் பற்றி வாதாடாதே. "பத்து நாளைக்கு மட்டும் தரட்டுமா?" என்று அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேள். மக்கள் மருந்தகமோ முதல்வர் மருந்தகமோ பக்கத்தில் இருந்தால் அதையும் சொல்லு. உன் முதலாளிக்குப் பிடிக்காதுதான். ஆனாலும் சொல்லு.

ஆஸ்பத்திரியிலிருந்து வருபவர்கள் கதை வேறு. விடிகாலையில் டோக்கன் போட்டு, வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து, ஸ்கேனுக்கு ஒரு வரிசை, ரிப்போர்ட்டுக்கு ஒரு வரிசை, கடைசியில் டாக்டர் மூன்று நிமிஷம் பார்த்து சீட்டு எழுதியிருப்பார். அத்தனை இடத்திலும் வாயை மூடிக்கொண்டு நின்றவர்கள். டாக்டரிடம் கத்தினால் நாளைக்கு அவர் எப்படிப் பார்ப்பாரோ என்ற பயம். மேட்டில் பெய்த மழையெல்லாம் பள்ளத்தில் வந்து தேங்குகிற மாதிரி, அன்றைய பொழுதின் கோபமெல்லாம் கடைசியாக உன் கவுண்டரில் வந்து நிற்கிறது. "இந்த பிராண்ட் இல்லைங்க, நாளைக்கு வரும்" என்று நீ சொல்வது சின்ன விஷயம்தான். அவர்களுக்கு அன்று அது எத்தனையாவது "இல்லை" என்று யோசித்துப் பார். இவர்களிடம் நீ கோபப்படாதே. உட்காரச் சொல், தண்ணீர் வேண்டுமா என்று கேள்.

அப்புறம், நீ போடாத விலைக்கும் நீ செய்யாத கோளாறுக்கும் வாங்கும் திட்டு. 2025 செப்டம்பர் 22 அன்று பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தபோது, அட்டையில் பழைய விலை அச்சாகியிருக்கிறது என்று எத்தனை பேரிடம் பேச்சு வாங்கினாய். யுபிஐ சுற்றிக்கொண்டே நின்றால் அதற்கும் நீதான். வரி போட்டவரோ, அட்டை அச்சடித்தவரோ, சர்வர் நடத்துபவரோ அவர்கள் கைக்கு எட்டுவதில்லை. நீ எட்டுகிறாய்.

இவ்வளவும் வாடிக்கையாளரைப் பற்றி. ஆனால் பாதிக் காரணம் கடைக்குள்ளேயே இருக்கிறது என்பது என் முடிவு.

எங்கள் கல்லாவுக்குப் பின்னால் காந்தி படத்தோடு ஒரு போர்டு மாட்டியிருந்தது. வாடிக்கையாளர்தான் நம் கடைக்கு வரும் முக்கியமான விருந்தாளி, அவர் நம்மை நம்பி இல்லை, நாம்தான் அவரை நம்பி இருக்கிறோம் என்று போகும். 1890-இல் தென்னாப்பிரிக்காவில் காந்தி சொன்னதாகக் கீழே எழுதியிருக்கும். காந்தி தென்னாப்பிரிக்காவில் போய் இறங்கியதே 1893-இல்தான். 1890-இல் அவர் லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த மாணவர். அவர் பெயரில் யாரோ எழுதி ஒட்டியதை எத்தனையோ கடைகளில் மாட்டி வைத்திருக்கிறார்கள். விருந்தாளி என்று சொல்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. விருந்துக்கு வந்தவர் சோறு போடுகிற வீட்டுப் பெண்ணைத் திட்டினால் அந்த வீட்டில் சும்மா விடுவார்களா என்பதுதான் என் கேள்வி.

கடைகளில் நடப்பது என்ன? ஒருவர் கத்துவார். சூப்பர்வைசர் ஓடி வந்து முதலில் நம்மை நாலு பேர் முன்னால் திட்டுவார். பிறகு அவருக்குப் பத்து சதவீதம் குறைத்துக் கொடுத்து, காபியும் வரவழைப்பார். பக்கத்தில் பொறுமையாக உட்கார்ந்து, மரியாதையாகப் பேசி எடுத்த அம்மாவுக்கு முழு விலை. கத்தினால் கிடைக்கும் என்று கடையே சொல்லிக் கொடுக்கிறது. ஒரு தடவை கிடைத்தவர் அடுத்த கடையிலும் கத்தத்தானே செய்வார்? உன் மேனேஜர் அன்று அந்த ஆளிடம் "சாரி சார், புதுப் பொண்ணு" என்று சொன்னாராமே, எனக்குக் கத்தியவர்மேல் வந்த கோபத்தைவிட அதில்தான் கோபம் அதிகம். சட்டப்படி நடந்த பெண்ணுக்காக அவர் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்?

நாற்காலி விஷயமும் இதில் சேர்ந்ததுதான். எங்கள் காலத்தில் ஆள் இல்லாத மத்தியான நேரத்தில்கூட உட்காரக் கூடாது. சுவரில் சாய்ந்தாலே கூப்பிட்டுக் கேட்பார்கள். என் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது அப்படி நின்றதில்தான். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜி என்ற தையல்காரப் பெண்மணி கடைகளில் நிற்கும் பெண்களைத் திரட்டிப் பல வருஷம் போராடி, 2018-இல் கேரளாவில் உட்காரும் உரிமை சட்டமானது. 2021 செப்டம்பரில் நம் சட்டசபையிலும் அமைச்சர் சி.வெ. கணேசன் மசோதா கொண்டுவந்து, கடைகளில் எல்லாத் தொழிலாளருக்கும் இருக்கை வைக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. உன் கடையில் கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல்கூட இல்லை என்றாய். வருகிறவர்கள் பார்வையிலும் இது வேலை செய்கிறது. நாள் முழுக்க நின்றே இருக்கும் ஆளை, நின்றே இருக்க வேண்டிய ஆள் என்றுதான் நினைப்பார்கள்.

இனி நீ செய்ய வேண்டியது. குரலை உயர்த்தாதே, பயத்தினால் இல்லை. குரல் உயர்ந்தால் தகராறு மருந்தைப் பற்றியதாக இல்லாமல் உன்னைப் பற்றியதாக மாறிவிடும். காரணத்தை ஒரே ஒரு தடவை சொல். இரண்டாம் தடவை மேனேஜரைக் கூப்பிடு. என்ன நடந்தது என்று தேதி, நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதி வை. கண்ணாடியைத் தட்டினால், போனை உன் முகத்துக்கு நேரே நீட்டிப் படம் எடுத்தால், பின்னால் நகர்ந்துவிடு. ஆபாசமாகப் பேசினால் அது வெறும் வாடிக்கையாளர் தகராறு இல்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டத்தில், வெளியிலிருந்து கடைக்கு வருபவர்களிடமிருந்தும் உனக்குப் பாதுகாப்புத் தர வேண்டியது முதலாளியின் கடமை என்று இருக்கிறது. தோக்கியோ நகரத்தில் வாடிக்கையாளர் தொல்லைக்கென்றே தனியாக ஒரு விதி போட்டு 2025 ஏப்ரலில் அமலுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று படித்தேன். மரியாதைக்குப் பேர்போன ஊரிலேயே தேவைப்பட்டிருக்கிறது பார்.

இந்த வாரமே மேனேஜரிடம் தனியாகப் பேசு. ஸ்டூல் வேண்டும், ராத்திரி ஷிப்டில் இன்னொரு ஆள் வேண்டும், சீட்டு இல்லாமல் எச்1 மருந்து கிடையாது என்று முதலாளி பெயரில் ஒரு போர்டு வேண்டும். மூன்றையும் எழுதியே கொடு. மறுத்தால் தயங்காமல் எனக்கு போன் பண்ணு, வேறு கடை பார்ப்போம். பதிவு பெற்ற மருந்தாளுநர் இல்லாமல் டாக்டர் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று 1948 பார்மசி சட்டமே சொல்கிறது. அந்தக் கடைச் சுவரில் மாட்டியிருப்பது உன் சான்றிதழ்தான் பாப்பா, இதை அவர்களும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்.

அன்புடன்,
அப்பா