உறுதிமொழி இருக்கட்டும், படிவம் நிரப்ப மாணவர்களை அழையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆண்டுதோறும் ஜனவரி 25 அன்று தேசிய வாக்காளர் நாளுக்காகக் கல்லூரிகளில் உறுதிமொழி ஏற்பு, பேரணி, கோலப் போட்டி எல்லாம் நடக்கின்றன. மறுநாள் குடியரசு நாள் என்பதால் ஒலிபெருக்கிக்காரருக்கும் ஒரே வாடகையில் வேலை முடிகிறது. நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகச் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், அந்தப் பேரணிகளில் பதாகை பிடித்து நடந்த மாணவர்கள் பலரின் பெயரே வாக்காளர் பட்டியலில் இல்லை என்பதை நான் அறிவேன்.

இதற்கு அக்கறையின்மை மட்டும் காரணமன்று. விடுதியில் தங்கிப் படிப்பவர் சொந்த ஊர், விடுதி ஆகிய இரண்டில் ஏதேனும் ஓரிடத்தில் பெயர் சேர்த்துக்கொள்ளலாம் என்பதும், விடுதி முகவரிக்குக் கல்லூரி முதல்வரின் சான்று வேண்டும் என்பதும் மாணவர்களுக்குத் தெரிவதில்லை; சில கல்லூரி அலுவலகங்களுக்கும் தெரிவதில்லை. 18 வயது நிரம்பியிருக்கிறதா என்று கணக்கிடும் தகுதி நாளாக ஜனவரி 1 மட்டுமே இருந்த நிலை மாறி, 2022 முதல் ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் நாள்களும் சேர்ந்திருப்பதையும், 17 வயது நிரம்பியதுமே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம் என்பதையும் எந்தப் பேரணி முழக்கமும் சொல்வதில்லை.

ஒரு நவம்பர் மாத வாக்காளர் பட்டியல் சிறப்பு முகாமில், ஒரு வாக்குச்சாவடிக்குரிய பட்டியலைக் கவனிக்கும் வாக்குச்சாவடி நிலை அலுவலரான அங்கன்வாடிப் பணியாளருக்கு உதவியாக, பள்ளித் தாழ்வாரத்தில் எங்கள் மாணவியர் இருவரை அமர்த்தினோம். முதியவர் ஒருவரின் பெயரில் 'கா' என்பது 'க' ஆகியிருந்தது. தந்தை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மனைவியின் பெயர் இருந்தது. யாரோ சொன்னதைக் கேட்டு, புதிதாகச் சேருவோருக்கான படிவம் 6-ஐ இருமுறை எழுதிக் கொடுத்துவிட்டு, மூன்றாம் முறையாக வந்திருந்தார். மாணவி திருத்தங்களுக்கான படிவம் 8-ஐ எடுத்து, அடையாள அட்டையைப் பார்த்து எழுத்தெழுத்தாக நிரப்பி, உரக்க வாசித்துக் காட்டிய பிறகே கையொப்பம் வாங்கினார். பத்து நிமிட வேலைதான்.

2024 மக்களவைத் தேர்தலில் தமிழகம் ஏறத்தாழ 70 விழுக்காடு வாக்களித்தபோது, மத்திய சென்னையில் பதிவானது சுமார் 54 விழுக்காடு. நகரத்தாரின் சோம்பலைக் குறை கூறுகிறோம். வீடு மாறியவர்களும் இறந்தவர்களும் பட்டியலில் நீடித்தால் அவர்களும் வாக்களிக்காதோர் கணக்கில்தான் சேர்வார்கள் என்பதை மறந்துவிடுகிறோம்.

1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒரு தொண்டர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும். அதில் ஒரு பகுதியை வாக்காளர் பட்டியல் பணிக்கென ஒதுக்கி, வட்டாட்சியர் அலுவலகத் தேர்தல் பிரிவின் மேற்பார்வையில் ஒரு நாள் பயிற்சியும் அளித்தால், தெருத்தெருவாகப் பட்டியலை வாசித்துக் காட்டவும் படிவம் நிரப்பவும் ஆள் பஞ்சம் இராது. கட்சிச் சார்புள்ளவர்களும் தொண்டர்களாக நுழைந்துவிடுவார்கள் என்ற அச்சம் நியாயமானதே. அதனால்தான் சேர்ப்பதும் நீக்குவதும் அலுவலரின் முடிவாகவே இருக்க வேண்டும், மாணவர் கை படிவத்தோடு நிற்க வேண்டும் என்கிறேன்.

இன்னொன்று, காலம். 2021-லும் 2024-லும் தமிழகத்தில் வாக்குப்பதிவு ஏப்ரலில்தான் நடந்தது. பருவத் தேர்வுக்கு மாணவர்கள் படிக்கும் நேரம் அது. தேர்தல் அறிவித்த பிறகு அவசரமாகத் தொண்டர்களைத் திரட்டாமல், ஜூலையில் தொடங்கும் பருவத்திலேயே இப்பணியைச் சேர்த்து, முகாம் நாள்களுக்கு வருகைப்பதிவும் வழங்குமாறு மாநில அரசு பல்கலைக்கழகங்களை அறிவுறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
கல்லூரிப் பேராசிரியர் ஒருவர்,
தஞ்சாவூர் மாவட்டம்