ஓரத்தில் எழுதிய கடிதம்

ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கறுப்பின உரிமைத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் பற்றிய கட்டுரையில், அவர் அந்நாட்டு பர்மிங்ஹாம் நகரச் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். 32 வருடம் அச்சுக்கோத்தவனுக்கு அது பொறுக்கவில்லை. 1963 ஏப்ரலில் கிங் அதை எழுதத் தொடங்கியது செய்தித்தாளின் ஓரத்து வெள்ளையில். அந்தப் பிரதி என் மேஜைக்கு வந்திருந்தால் கண் போயிருக்கும்!

அது போலீசாருக்கு எழுதியதல்ல. நிறப் பாகுபாட்டை எதிர்த்துப் போராட்டம் வேண்டாம், நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று அறிக்கை விட்ட எட்டு வெள்ளைக்கார மதகுருமாருக்கு. அதில் ஒருவர் யூத ரபி; மற்றவர்கள் கிறிஸ்தவர்கள். 'பொறு' என்றால் பெரும்பாலும் 'ஒருபோதும் இல்லை' என்றுதான் பொருள் என்று கிங் பதில் எழுதினார். அதே ஊரில், அதே ஆண்டு செப்டம்பர் 15, ஞாயிறு காலை, கறுப்பின மக்களின் 16வது தெரு பாப்டிஸ்ட் ஆலயத்தில் வெள்ளை இனவெறியர் வைத்த குண்டு வெடித்தது. செத்த நான்கு சிறுமிகளில் மூவருக்கு வயது 14, ஒருத்திக்கு 11. கடைசிக் குற்றவாளி தண்டனை பெற 2002 ஆனது.

1959இல் இந்தியா வந்த கிங்கை, திருவனந்தபுரத்துப் பள்ளி ஒன்றில் 'அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டத்தகாதவர்' என்று அறிமுகம் செய்தார்களாம். முதலில் சுருக்கென்றது, பிறகு உண்மைதானே என்று தோன்றியது என 1965இல் பிரசங்கத்தில் அவரே சொன்னார்.

என் அம்மா ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இன்னும் நடுவே சாதிச் சுவர் நிற்கிறது. போன மாதம் சித்தியை அடக்கம் செய்த அன்று, அதை எப்போது இடிப்பீர்கள் என்று எங்கள் சபை போதகரான ஐயரிடம் கேட்டேன்.

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி" என்றார்.

- ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர், பாளையங்கோட்டை