வலது காதில் மட்டும் பேசும் சித்தி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று இரவு நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து தூக்கம் வரவில்லை. எதிர்வீட்டில் பாத்திரம் விழும் சத்தம், அந்தப் பெண்ணின் அழுகுரல், உடனே யாரோ டிவி சத்தத்தைக் கூட்டுவது. “அடுத்தவங்க குடும்ப விஷயம், நமக்கெதுக்கு” என்று மாப்பிள்ளை சொன்னதாகச் சொன்னாய். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் அப்படிப் பேசியவள்தான். அதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

சித்தி ஏன் எப்போதும் வலது காதிலேயே போனை வைக்கிறாள் என்று சின்ன வயதில் கேட்பாய். காய்ச்சல் வந்து இடது காது கேட்காமல் போய்விட்டது என்பேன். அது பொய். சித்தப்பா அறைந்ததில் போன காது அது.

1996, பங்குனி மாதம். விடியற்காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். இடுப்பில் கைக்குழந்தை, கையில் ஒரு மஞ்சப்பை. காபி ஆற்றிக் கொடுத்தேன். டம்ளரை விரலால் பிடிக்க முடியாமல் இரண்டு உள்ளங்கைகளாலும் ஏந்திக் குடித்தாள். விரல்கள் வீங்கி மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டேன், “அவருக்குக் கோபம் வர்ற மாதிரி என்னடி செஞ்சே?” என்று. என் கூடப்பிறந்தவளிடம் நான் கேட்ட முதல் கேள்வி அது.

தாத்தா இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள், “குழந்தை முகத்தைப் பார்த்து அனுசரிச்சுப் போம்மா” என்றார். தலை நிறையப் பூ வைத்து, நானே பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். காது போனது அதற்கப்புறம்தான். ஆடி பிறப்பதற்குள். அதன் பிறகும் அவள் எங்களிடம் வரவில்லை. எப்படி வருவாள்? பத்தாம் வகுப்பு படிக்கும்போது பையன்தான் அவளைக் கையைப் பிடித்து அந்த வீட்டிலிருந்து வெளியே கூட்டி வந்தான்.

அப்போது சட்டம் இல்லாமல் இல்லை. மனைவியைக் கொடுமைப்படுத்துவது குற்றம் என்று 498ஏ பிரிவு 1983இலேயே வந்துவிட்டது. சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992இல் திறந்தார்கள். ஸ்டேஷன் படி ஏறினால் நாளைக்கு உனக்கு வரன் பார்க்கும்போது பேச்சு வரும் என்று, நான்கு வயதுப் பிள்ளை உன்னைக் காரணம் காட்டி நான்தான் தடுத்தேன்.

சரி, உன் எதிர்வீட்டுக்கு வருவோம். எங்கள் மகளிர் குழுவுக்கு சமூகநல அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வந்து பேசினார். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் 100க்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்களாம். கூடத்தில் ஒருத்தரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவர் சொன்னதை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டப்படி, அடிபட்டவள்தான் வந்து சொல்ல வேண்டும் என்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரரும், இதற்கென்றே அரசு வைத்திருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் கொடுக்கலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்கு வராது. மாப்பிள்ளையிடம் இதை முதலில் சொல். அடி மட்டுமில்லை, ஓயாமல் கேவலமாகப் பேசுவது, செலவுக்குக் காசு தராமல் வைப்பது எல்லாமே அந்தச் சட்டத்தில் வன்முறைதான். வீடு அவன் பேரில் இருந்தாலும் அவளுக்கு அங்கே இருக்க உரிமை உண்டு, நினைத்த நேரத்தில் வெளியே தள்ள முடியாது.

ஆனால் அவசரப்பட்டு அவளைக் கேட்காமல் எதுவும் செய்யாதே. புகார் போனது தெரிந்தால் அன்று இரவே அவள்தான் அடி வாங்குவாள். அவன் வேலைக்குப் போன பிறகு தனியாகப் பேசு. “ஏன் இன்னும் இங்கே இருக்கே?” என்று மட்டும் கேட்காதே. “நேத்து சத்தம் கேட்டுச்சு, நான் இருக்கேன்” என்று சொல், போதும். பெண்கள் உதவிக்கான 181 நம்பரை அவளுக்கு மனப்பாடமாகச் சொல்லிக் கொடு, போனில் பதிய வேண்டாம், அவன் பார்ப்பான். ஆதார், பேங்க் பாஸ்புக், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் நகல்களை அவள் கொடுத்தால் உன் பீரோவில் வை. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் யாரையும் கேட்காதே, உடனே அவசர உதவி எண் 112க்கு போன் அடி.

இந்தக் கடிதத்தை சித்தியிடம் படித்துக் காட்டினேன். இடது பக்கம் உட்கார்ந்து படித்திருக்கிறேன், பாதியில்தான் உறைத்தது. இடம் மாறி உட்கார்ந்து முதலிலிருந்து படித்தேன். அழவில்லை. “அந்தப் பொண்ணுக்கும் சேர்த்துப் பிழியலாமா அக்கா?” என்றாள்.

பார்சலில் முறுக்கு இரண்டு டப்பா இருக்கும். சிவப்பு மூடி போட்டது எதிர்வீட்டுக்கு. காலையில் பத்து மணிக்கு மேல் கொண்டுபோய்க் கொடு. டப்பாவைத் திருப்பி வாங்க இன்னொரு நாளும் போகலாம்.

அம்மா