பழைய வரைபடத்தின் பெயரை வெட்டலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் சோழமண்டலக் கரையின் பழைய துறைமுகங்களைப் பற்றி வெளிவந்த கட்டுரை அருமையானது. என்னை எழுத வைத்தது அதற்கு மேலே முக்கால் பக்கத்துக்கு விரித்துப் போட்டிருந்த வண்ண வரைபடம். அதன் கீழே ‘பழங்கால டச்சு வரைபடம்’ என்று மட்டும் இருந்தது. யார் செய்தது, எந்த ஆண்டு அச்சானது, எந்த நூலகத்தின் பிரதி என்று எதுவும் இல்லை. அதைவிட வேதனை, கட்டுரையின் தலைப்புக்கு இடம் வேண்டும் என்று வரைபடத்தின் பெயர் பொறித்த சட்டத்தையும், காணிக்கை எழுதிய சட்டத்தையும் வெட்டிவிட்டீர்கள்.

நான் மதுரையில் அச்சகங்களுக்கு பிளாக், அதாவது படம் அச்சிடும் தகடு, செய்து கொடுத்துப் பிழைத்தவன். கல்யாணப் பத்திரிகை, சினிமா நோட்டீஸ், பஞ்சாங்கப் படம் என்று துத்தநாகத் தகட்டில் எத்தனையோ செய்திருக்கிறேன். இடவலம் மாறிய எழுத்தைப் படிப்பது எனக்கு இன்றும் கஷ்டமில்லை. ஒரு தகட்டுக்குப் பின்னால் எத்தனை பேரின் கண்ணும் கையும் இருக்கின்றன என்று தெரிந்ததால்தான் இதைச் சொல்கிறேன்.

நூலகங்கள் இணையத்தில் வைத்திருக்கும் முழுப் பிரதிகளோடு கரைக் கோடுகளை ஒப்பிட்டேன். நீங்கள் வெளியிட்டது ஆம்ஸ்டர்டாமின் பிளாவ் குடும்பத்தார் அச்சிட்ட ‘இந்தியா குவே ஓரியன்டாலிஸ்’. வில்லெம் பிளாவ் 1635இல் கொண்டுவந்த அட்லஸில் இடம்பெற்ற தகடு அது. நீங்கள் வெட்டிய காணிக்கைச் சட்டத்தில் இருப்பது, கீழைத்தீவுகளில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை ஆளுநராக இருந்த லாரன்ஸ் ரியாலின் பெயர். எங்கள் கரையின் வரைபடம் யாருடைய ஆதரவை எதிர்பார்த்து அச்சானது என்பதைச் சொல்வதே அந்த மூலைதான்.

வில்லெம், அன்று டென்மார்க்குக்குச் சொந்தமாயிருந்த வென் தீவில் வானியலாளர் டைகோ பிராகேயிடம் பயின்று திரும்பி, பூகோள உருண்டைகளும் கடல் கருவிகளும் செய்து தொழிலைத் தொடங்கியவர். அதே ஊரில் யான்சோனியஸ் என்ற போட்டியாளரின் பெயரும் தம் பெயரும் குழம்பியதால், 1620களில் ‘பிளாவ்’ என்ற குடும்பப் பெயரைச் சேர்த்துக்கொண்டார். தம் பெயரில் அவ்வளவு கவனமாக இருந்தவரே 1629இல் வரைபடம் அச்சிட்டு வந்த ஹோண்டியஸ் குடும்பத்தின் தகடுகளில் 40 அளவுக்கு வாங்கி, அவற்றிலிருந்த ஹோண்டியஸ் பெயரைத் தேய்த்து நீக்கிவிட்டுத் தம் பெயரைப் பொறித்தார். அந்தத் தகடுகளை முதலில் செதுக்கியவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் ஆறவில்லை.

எங்கள் தொழிலில் அமிலம் பாதி வேலையைச் செய்துவிடும். அவர்கள் செப்புத் தகட்டில் உளியால் ஒவ்வொரு ஊர்ப் பெயரையும் தலைகீழாக, இடவலம் மாற்றிக் கையால் செதுக்கினார்கள். ஓர் எழுத்து தவறினால் தகட்டின் பின்புறத்தைத் தட்டி மேடாக்கி, தேய்த்துச் சமன்செய்து, திரும்பச் செதுக்க வேண்டும். மை தேய்த்து, துடைத்து, ஈரத் தாளை வைத்து உருளை அச்சில் அழுத்துவார்கள். தகட்டின் விளிம்பு தாளில் பதிந்து நிற்கும். அசலையும் நகலையும் பிரித்தறிய அந்தத் தடம் ஒரு நல்ல அடையாளம். தாளின் மறுபக்கத்தில் ஈய எழுத்தில் விளக்கவுரை வரும். அது லத்தீனா, பிரெஞ்சா, டச்சா என்று பார்த்தே எந்தப் பதிப்பின் தாள் என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஆகவே படம் போடும்போது பின்பக்கத்தைப் பற்றியும் ஒரு சொல் எழுதுங்கள்.

வண்ணம் பூசியவர்கள் வேறு ஆட்கள். வில்லெமின் மகன் யோவான் 1662இல் லத்தீனில் வெளியிட்ட பேரட்லஸ் 11 தொகுதிகள், ஏறத்தாழ 600 வரைபடங்கள் கொண்டது. வண்ணத்தோடு வாங்கினால் விலை சுமார் 100 கில்டர் (அன்றைய டச்சு நாணயம்) கூடுதல். அந்த 100 கில்டருக்கு உழைத்தவர்களில் பெரும்பாலோரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. டிர்க் வான் சாந்தன் போன்ற சிலரே நினைவில் இருக்கிறார்கள்.

ஆண்டு ஏன் வேண்டும் என்று கேட்கலாம். யோவான் 1638 முதல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வரைபட அதிகாரி. கப்பல்கள் திரும்பியதும் மாலுமிகளின் குறிப்பேடுகள் கம்பெனியிடம் ஒப்படைக்கப்படும். அவற்றைக் கொண்டு கையால் வரைந்த கம்பெனி வரைபடங்களை அவர் திருத்திக் கொடுத்தார். ஆனால் 1662 அட்லஸில் இந்தியாவுக்கு வந்ததோ அந்த 1635 தகடுதான். ஆண்டும் பதிப்பும் இல்லாமல் அதை அச்சிட்டால், டச்சுக்காரர்களுக்கு நம் கரையைப் பற்றி இவ்வளவுதான் தெரியும் என்று மாணவர்கள் எழுதிவைப்பார்கள்.

ஓவியர் வெர்மீரின் ‘அதிகாரியும் சிரிக்கும் பெண்ணும்’ படத்தைப் பாருங்கள். பின்சுவரில் தொங்குவது பெர்க்கென்ரோடெ வரைந்து வில்லெம் பிளாவ் வெளியிட்ட ஹாலந்து வரைபடம். பேசிக்கொண்டிருக்கும் இருவர்தான் படத்தின் பொருள். ஆனாலும் வரைபடத்தின் மேலே உள்ள லத்தீன் தலைப்பைப் படிக்கும்படி தீட்டியிருக்கிறார். 17ஆம் நூற்றாண்டுத் தூரிகைக்கு முடிந்தது நம் கணினிக்கு முடியாதா?

1672 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாம் கிராவன் தெருவில் இருந்த யோவானின் அச்சுக்கூடம் தீப்பிடித்தது. செப்புத் தகடுகளில் கணிசமானவை அழிந்தன. அடுத்த ஆண்டு அவரும் இறந்தார். மிஞ்சிய தகடுகள் ஏலத்தில் பலர் கைக்குப் போயின. பிற்காலத்தில் வியாபாரிகள் அட்லஸ்களைக் கத்தரித்துத் தனித்தாளாக விற்றதால் முழுத் தொகுதிகள் இன்னும் குறைந்தன. மிச்சமிருப்பதைப் படமாக வெளியிடும்போதாவது முழுசாக வெளியிட வேண்டாமா?

அடுத்த வாரம் நாகப்பட்டினம் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதற்குப் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பாதிரியார் பால்தேயஸின் நூலிலுள்ள செதுக்குப் படத்தைத்தான் போடுவீர்கள் என்று நினைக்கிறேன். அந்த நூலும் 1672இல் ஆம்ஸ்டர்டாமில்தான் வந்தது. ஆனால் அதை வெளியிட்டவர்கள் பிளாவ் குடும்பத்தார் அல்லர்; யான்சோனியஸின் வாரிசுகள். என் கடிதத்தைப் பார்த்துவிட்டு அதற்கும் பிளாவ் பெயரைப் போட்டுவிட வேண்டாம். படத்தை விளிம்போடு எடுத்து, கீழே நூலின் பெயர், ஆண்டு, பிரதி இருக்கும் நூலகம் மூன்றையும் சிறிய எழுத்திலாவது அச்சிடுங்கள். இடம் போதவில்லை என்றால் படத்தின் அளவைக் குறையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிளாக் தயாரிப்பாளர்,
மதுரை