ஸ்போக்கன் இங்கிலீஷ் ஆசிரியர்களுக்கு ஒரு மிக்சி ரிப்பேர்க்காரரின் மடல்

கடலூரிலும் புதுச்சேரியிலும் குடும்பப் பெண்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நான் திருப்பாதிரிப்புலியூரில் மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். என் தங்கை உங்களைப் போன்ற ஒருவரிடம்தான் படிக்கிறாள். அவள் நோட்டில் சமையலறைச் சாமான்களுக்கென்றே ஒரு பக்கம்: ரெஃப்ரிஜிரேட்டர், டோஸ்டர், பிளெண்டர், டிஷ்வாஷர். படமெல்லாம் ஒட்டி அழகாக எழுதியிருக்கிறாள். சரி, நல்லதுதான். ஆனால் பிரிட்ஜ், மிக்சி, குக்கர் என்று நம் பெண்கள் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறார்கள்? காசு போவது சாமானின் பெயர் தெரியாமல் இல்லை. அதன் மேல் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பது புரியாமல்தான்.

மிக்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டியாகப் போட்டு அரைத்தால் பாதியில் சத்தமே இல்லாமல் நின்றுவிடும். 'மோட்டார் காயில் போயிடுச்சுங்க' என்று பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு நெல்லிக்குப்பத்திலிருந்து பஸ் ஏறி வருவார்கள். கவிழ்த்துப் பார்த்தால் அடியில் சிவப்பாக ஒரு சின்ன பட்டன் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே ஓவர்லோட் என்றோ ரீசெட் என்றோ எழுதியிருப்பான். ஜாரில் கொஞ்சம் எடுத்துவிட்டு, மோட்டார் சூடு ஆறியதும் அதை அழுத்தினால் ஓடும். இதற்கு நான் காசு வாங்குவதில்லை. வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்! சில மிக்சிகளின் அடியில் '5 மின் ஆன், 2 மின் ஆஃப்' என்றும் இருக்கும். அஞ்சு நிமிஷம் ஓட்டினால் ரெண்டு நிமிஷம் நிறுத்து என்று அர்த்தம். அதைப் பார்க்காமல் ஒரே மூச்சாக அரைத்தால் காயில் நிஜமாகவே கருகிவிடும். அப்புறம் நானும் காசு வாங்கித்தான் ஆகவேண்டும்.

பிரிட்ஜில் இதைவிட மோசம். சிங்கிள் டோர் பிரிட்ஜ் பலவற்றில் டிஃப்ராஸ்ட் பட்டன் உண்டு. அழுத்தி விட்டால் ஐஸ் தானாகக் கரையும். அது தெரியாமல் கத்தியால் குத்திப் பெயர்த்தால் ஃப்ரீசரில் உள்ள குழாயில் ஓட்டை விழுந்து கேஸ் வெளியேறிவிடும். செலவு ஆயிரக்கணக்கில். இண்டக்‌ஷன் அடுப்பில் கை பட்டு சைல்ட் லாக் விழுந்தால் மற்ற பட்டன்கள் பெரும்பாலும் வேலை செய்யாது. அந்த லாக் பட்டனையே சில விநாடி அழுத்திப் பிடித்தால் பல அடுப்புகளில் லாக் எடுத்துக்கொள்ளும். கெட்டிலில் 'டூ நாட் இம்மர்ஸ்' என்றிருந்தால் தண்ணீரில் முக்கிக் கழுவக்கூடாது. இது உயிர் விஷயம்.

புதுச்சேரி ஆசிரியர்களுக்குத் தனியாக ஒன்று. ஒயிட் டவுன் கெஸ்ட் ஹவுஸ்களில் சமையல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு, இங்கிலாந்துக்காரர் குக்கர் என்றால் அடுப்பைச் சொல்கிறார் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். நம் விசில் குக்கர் அவருக்குப் பிரஷர் குக்கர்.

ஒரே ஒரு வகுப்பு ஒதுக்குங்கள். அவரவர் வீட்டு மிக்சி அடிப்பக்கத்தையும் வாரன்டி கார்டையும் போனில் படம் எடுத்து வரச் சொல்லி, அதை வைத்தே பாடம் நடத்துங்கள். கஸ்டமர் கேரில் பேசவும் பழக்குங்கள். 'நாட் ஒர்க்கிங்' என்று மட்டும் சொன்னால் எதிர்முனையில் என்ன புரியும்? லைட் எரிகிறது, சூடு ஏறவில்லை என்றால் 'லைட் ஈஸ் ஆன், பட் நாட் ஹீட்டிங்' என்று சொல்லட்டும். மெக்கானிக் சரியான பார்ட்டோடு வருவான்.

என் கடையில் பழைய மிக்சி, கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் கிடக்கின்றன. ஒயரை வெட்டிவிட்டுத் தருகிறேன். காசு வேண்டாம், வகுப்பு முடிந்ததும் திருப்பிக் கொடுத்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராதீர்கள், கடை லீவு.