கார்ட்டூனுக்கு முன்னால் வந்த மூன்று எழுத்துகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய அமெரிக்கக் கார்ட்டூன்களின் மறுசீரமைப்பைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். கீறல் விழுந்த படச்சுருளை எப்படித் தூய்மைப்படுத்துகிறார்கள், மங்கிய நிறங்களை எப்படி மீட்கிறார்கள் என்பதையெல்லாம் கட்டுரையாளர் பொறுமையாக விளக்கியிருந்தார். ஆனால் தொலைக்காட்சி விநியோக நிறுவனங்கள் அந்தப் படங்களின் தொடக்கத்திலும் முடிவிலும் சேர்த்த முத்திரைகளை ‘ஒட்டிக்கொண்ட அழுக்கு’ என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டு, அவை தொலைந்ததே நல்லது என்று முடித்திருந்தார். பழைய பிரிண்டுகளின், அதாவது படச்சுருள் நகல்களின், முகப்பு அட்டைகளைப் பல ஆண்டுகளாக ஒப்பிட்டுப் பார்த்து வருபவன் என்ற முறையில், அந்த வரியை மறுக்க வேண்டியது என் கடமை என்று கருதுகிறேன்.

கட்டுரையில் சான்றாகக் காட்டப்பட்டது அசோசியேட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ் புரொடக்‌ஷன்ஸ் என்னும் நிறுவனத்தின் முத்திரை. முகப்பில் சிறிய ஆங்கில எழுத்துகளில் தோன்றும் சுருக்கப் பெயரை வைத்து ‘ஏ.ஏ.பி.’ என்றே அதை எல்லோரும் அழைக்கிறார்கள். எலியட் ஹைமன் 1948இல் தொடங்கிய இந்நிறுவனம் கார்ட்டூன் எதையும் வரையவில்லை. பிறர் எடுத்து முடித்த படங்களின் உரிமையைப் பெற்று, 16 மில்லிமீட்டர் பிரிண்டுகளாகத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு அனுப்புவதே அதன் தொழில். 1956இல் வார்னர் பிரதர்ஸ் 1950க்கு முந்தைய தன் படங்களை 2 கோடியே 10 லட்சம் டாலருக்கு விற்றபோது, அவற்றை வீடுகளின் திரைக்குக் கொண்டுசேர்த்தது ஏ.ஏ.பி.தான். 1948 ஆகஸ்ட் மாதத்துக்கு முன் வெளியான வார்னரின் வண்ணக் கார்ட்டூன்களும் அந்தத் தொகுப்பில் இருந்தன. ஏறக்குறைய அதே சமயத்தில், பாராமவுண்ட் வெளியிட்டு வந்த பாப்பாய் கார்ட்டூன்களும் அதன் கைக்கு வந்தன. இரண்டு பெரிய ஸ்டூடியோக்களின் கார்ட்டூன்கள் ஒரே விநியோகஸ்தரிடம் சேர்ந்தது அப்படித்தான்.

கட்டுரையாளர் கவனிக்கத் தவறிய இடம் இதுவே. வார்னர் கார்ட்டூன்களில் ஏ.ஏ.பி. தன் அட்டையைப் படத்துக்கு முன்னால் வைத்ததே தவிர, அதற்குப் பின் வரும் வார்னரின் கேடயச் சின்னத்தைத் தொடவில்லை. பாப்பாய் படங்களிலோ பாராமவுண்டின் மலைச் சின்னம் நீக்கப்பட்டு, அது இருந்த இடத்தில் ஏ.ஏ.பி. அட்டை உட்கார்ந்தது. ஒரே முத்திரை ஓரிடத்தில் சேர்க்கை, மற்றோரிடத்தில் மாற்றீடு. இந்த வேறுபாட்டுக்கான காரணத்தை விநியோகஸ்தரின் ரசனையில் தேடுவதில் பயனில்லை. விற்ற ஸ்டூடியோவின் மனநிலையில்தான் அது இருக்கிறது. தொலைக்காட்சியைத் தங்கள் பிழைப்புக்கு எதிரியாகத் திரையரங்கு உரிமையாளர்கள் பார்த்த காலம் அது. எனவே அந்தச் சிறிய திரையில் தன் பெயர் தெரிவதைப் பாராமவுண்ட் விரும்பவில்லை. வார்னரும் 1955இல் தன் கறுப்பு வெள்ளை லூனி டியூன்ஸ் படங்களை கில்டு ஃபிலிம்ஸ் என்னும் விநியோக நிறுவனத்தின் வழியாகத் தொலைக்காட்சிக்குக் கொடுத்தபோது தன் பெயர் அவற்றில் இல்லாமல் பார்த்துக்கொண்டது. அடுத்த ஆண்டு ஏ.ஏ.பி. வெளியிட்ட பிரிண்டுகளில் அதே பெயர் மறைக்கப்படாமல் நின்றது. ஒரு ஸ்டூடியோ தொலைக்காட்சியைக் கண்டு கூசியதையும், மிகக் குறுகிய காலத்தில் அந்தக் கூச்சம் தளர்ந்ததையும் இந்த இரண்டு வகை முகப்புகளை அருகருகே வைத்துப் பார்க்கும்போது கண்ணாலேயே காணலாம். இதைச் சொல்லும் ஆவணத்தை அழுக்கு என்று எப்படி அழைப்பது?

வார்னர் கார்ட்டூன்களின் அசல் பெயர் அட்டைகள் காணாமற்போன பழியையும் கட்டுரை தொலைக்காட்சி விநியோகஸ்தர்கள் மேலேயே முழுவதுமாகப் போட்டிருக்கிறது. அது சரியன்று. வார்னர் நிறுவனம் 1943 முதல் தன் பழைய கார்ட்டூன்களை ‘புளூ ரிப்பன்’ என்ற பெயரில் திரையரங்குகளுக்கு மறுபடியும் அனுப்பத் தொடங்கியது. அப்போது அசல் முகப்பை வெட்டி எடுத்து, பரிசு நாடா வரைந்த பொதுவான முகப்பு ஒன்றைச் சேர்த்தார்கள். இயக்குநரின் பெயரும் வரைகலைஞர்களின் பெயர்களும் அந்த வெட்டில் போயின. இதைச் செய்தது படத்தை எடுத்த ஸ்டூடியோவே. ஏ.ஏ.பி.யிடம் வந்து சேரும்போதே பல படங்கள் அந்த நிலையில்தான் இருந்தன. உண்மையாகவே கடுமையான சொல்லுக்கு உரிய விநியோகஸ்தர் வேண்டுமானால், 1955இல் பாராமவுண்டின் பெட்டி பூப் முதலிய குறும்படங்களைப் பெற்ற யூ.எம். அண்டு எம். நிறுவனத்தைச் சொல்லலாம், அசல் முகப்புகளுக்குப் பதிலாக அது தானே புதிய எழுத்துகளைத் தயாரித்துச் சேர்த்தது. பிறகு அந்தத் தொகுப்பைப் பெற்ற நேஷனல் டெலிஃபிலிம் அசோசியேட்ஸ் அதன் மேல் தன் முத்திரையைப் பதித்தது. அந்த அட்டைகளைப் பார்க்கும்போது எனக்கும் வருத்தம்தான். அவற்றையும்கூட எரித்துவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

ஏ.ஏ.பி. தனி நிறுவனமாக நீண்ட நாள் இருக்கவில்லை. 1958இல் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் அதை வாங்கியது. அதற்குப் பின் வந்த பிரிண்டுகளில் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் அசோசியேட்டட் என்ற பெயர் வருகிறது. ஆகவே தேதி குறிக்கப்படாத ஒரு பழைய 16 மில்லிமீட்டர் பிரிண்ட் கையில் கிடைத்தால், முகப்பில் இருக்கும் பெயரை வைத்தே அது எந்த நிறுவனத்தின் காலத்தில் புழக்கத்துக்கு வந்த பதிப்பு என்று ஆய்வாளர் ஒரு முடிவுக்கு வரமுடியும். 1981இல் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் எம்.ஜி.எம். நிறுவனத்துடன் சேர்ந்தது. 1986இல் அதை வாங்கிய டெட் டர்னர், சில மாதங்களில் நிறுவனத்தை விற்றுவிட்டுப் படக் களஞ்சியத்தை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டார். அக்காலத்தின் அடையாளமும் திரையில் இருக்கிறது: வார்னர் கார்ட்டூன்களின் முடிவில் 1995ஆம் ஆண்டைக் குறித்து, டர்னர் நிறுவனத்தின் பதிப்பு என்று சொல்லும் வரி சேர்க்கப்பட்ட அட்டை. 1996இல் டர்னரின் நிறுவனம் டைம் வார்னருடன் இணைந்தபோது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் விற்கப்பட்ட கார்ட்டூன்கள் தாய்வீடு திரும்பின. இடையில் இன்னொரு வியப்பும் நிகழ்ந்தது. ஏ.ஏ.பி.யைத் தொடங்கிய அதே ஹைமன், பின்னாளில் செவன் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் தலைவராக இருந்து, 1967இல் வார்னர் பிரதர்ஸையே தன் நிறுவனத்துடன் இணைத்துக்கொண்டார். அதற்குப் பின் சில ஆண்டுகளுக்கு வார்னர் கார்ட்டூன்களின் முகப்பில் கேடயத்துக்குப் பதிலாக டபிள்யூ என்ற எழுத்தும் ஏழு என்ற எண்ணும் பிணைந்த சின்னம் வந்தது அதனால்தான்.

இந்தத் தொடர்ச்சியை மனத்தில் கொண்டு, இன்று விற்பனையில் உள்ள பாப்பாய் வட்டுகளைப் பாருங்கள். 2007இல் வார்னர் நிறுவனம் வெளியிடத் தொடங்கிய தொகுப்புகளில், பாப்பாய் கார்ட்டூன்களை உருவாக்கிய ஃப்ளெய்ஷர் சகோதரர்களின், கப்பல் கதவுகள் திறந்து மூடும் முகப்பும் பாராமவுண்டின் மலையும் மீண்டும் வந்திருக்கின்றன. அது மிக நல்ல பணி. அதைச் செய்தவர்களுக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். ஆனால் உறையில் வார்னர், உள்ளே பாராமவுண்ட் என்று இருப்பதைக் காணும் ஒரு சிறுவனோ மாணவியோ ‘இது எப்படி?’ என்று கேட்டால், அதற்கு விடை சொல்லக்கூடியது நீக்கப்பட்ட அந்த அட்டை ஒன்றே. பெட்டி பூப் போன்ற குறும்படங்கள் பல கை மாறிப் பாராமவுண்டிடமே திரும்பிவிட்டன. பாப்பாய் அப்படித் திரும்பாமல் வார்னரிடம் இருப்பதற்குக் காரணம், 1956இல் அவர் ஏ.ஏ.பி.யின் வழியே போனதுதான். இடையில் இருந்த படியை எடுத்துவிட்டால் மேலே ஏறிய கதை விளங்காது.

சட்டத்தின் பக்கமும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் 1909ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அன்று ஒரு படத்தின் உரிமை 28 ஆண்டுகள் நீடித்தது. அதன் முடிவில் புதுப்பிக்கப்படாத படம் பொதுச்சொத்தாகிவிட்டது. ஏ.ஏ.பி. வழி வந்த வார்னர் கார்ட்டூன்களில் பல, புதுப்பிக்கப்படாமல் அப்படிப் பொதுச்சொத்தாயின. பின்னர் அவற்றை மலிவு விலை ஒளிநாடாக்களில் பதிந்து விற்றவர்களுக்கு எளிதாகக் கிடைத்தவை பழைய தொலைக்காட்சிப் பிரிண்டுகளே. ஒரு தலைமுறை முழுவதும் அந்த மூன்று எழுத்துகளைக் கார்ட்டூனின் முதல் காட்சியாகவே நினைவில் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு மலிவுப் பதிப்பு எந்த மூலத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதற்கு இன்றைக்கும் அந்த முத்திரையே நேரடிச் சாட்சி.

மறுசீரமைத்த படத்தின் முன்னால் ஏ.ஏ.பி. அட்டையைத் திரும்பவும் ஒட்டவேண்டும் என்று நான் கேட்கவில்லை. படைத்தவர்களின் முகப்பு கிடைத்தால் அதற்கே முதலிடம். ஃப்ளெய்ஷர் சகோதரர்களின் பெயரை எந்த விநியோகஸ்தரின் பெயரும் மறைக்கக்கூடாது. நான் வேண்டுவது, நீக்கிய பகுதியைத் தூக்கி எறியாமல் தனியாகப் படமாக்கிச் சேமிப்பதும், எந்தப் பிரிண்டில் எந்த அட்டை இருந்தது என்று பட்டியலில் குறிப்பதும், வட்டிலோ இணையத் தொகுப்பிலோ அவற்றைத் தனிப்பகுதியாகப் பார்க்க வழிசெய்வதும்தான். நேரத்தை மிச்சப்படுத்தவும் விளம்பரத்தைச் சேர்க்கவும் சுருளின் தலைப்பகுதியை நறுக்கிவிடும் வழக்கம் அந்நாள் தொலைக்காட்சி நிலையங்களில் இருந்தது என்பதால், முகப்பு முழுதாகத் தப்பிய பிரிண்டுகள் நினைப்பதைவிட அரியவை. பழைய சுருள்களை வைத்திருக்கும் தனியார் சேகரிப்பாளர்களும் முதல் பத்து விநாடியை வெட்டிச் சீர்செய்யாமல் அப்படியே வைத்திருக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தங்களிடம் எனக்கு உள்ள வேண்டுகோள் சிறியது. அந்தக் கட்டுரையின் அடுத்த பகுதி வெளிவரும்போது, அசல் முகப்புகளை முதலில் வெட்டியவர்களில் ஸ்டூடியோக்களும் உண்டு என்ற திருத்தத்தையும், பாராமவுண்ட் முகப்புடன் ஒன்று, ஏ.ஏ.பி. முகப்புடன் ஒன்று என்று ஒரே பாப்பாய் கார்ட்டூனின் இரண்டு தொடக்கப் படங்களையும் அருகருகே வெளியிட்டால், என்னைப் போன்ற வாசகர்கள் மிகவும் நன்றியுடையவர்களாக இருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகர்